தகுதிச் சுற்றுச் சண்டை: உலகச் சதுரங்கத்தில் நியாயம் எங்கே இடறுகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் பள்ளிகளுக்கிடையே சதுரங்கப் போட்டி நடந்தால், மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு தகராறு வரும். ஏழு சுற்றும் முடிந்திருக்கும். முதல் மூன்று இடங்களில் சிக்கல் இருக்காது. நான்காம் இடத்துக்கு ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து புள்ளியோடு நிற்பார்கள்; அடுத்த கட்டத்துக்குப் போவதோ மொத்தம் நான்கே பேர். மண்டபச் சுவரில் ஒட்டிய தாளில், சமனை முறிக்கப் புக்கோல்ஸ் என்றொரு கட்டமும், அதில் 27, 26.5, 24 என்று எண்களும் இருக்கும். “என் மவன் அவன நேருக்கு நேரா ஜெயிச்சிருக்கான். அப்புறம் எப்படி சார் அவன் மேல போறான்?” என்று ஒரு தகப்பனார் கேட்பார். நடுவருக்கு விடை தெரியும். ஆனால் அந்த விடை போட்டி அறிவிப்பில் எழுதப்பட்டிருக்காது. தகராறு முற்றுவது அதனால்தான்.

உலகப் பட்டத்தைச் சுற்றி நூறாண்டாக நடக்கும் சண்டைகளும் இந்த வகைதான். பலகைக்குள் அநியாயம் செய்ய இடம் குறைவு: 64 கட்டம், இரு பக்கமும் ஒரே படை, வெள்ளைக்கு ஒரு நகர்வு முந்தல், அவ்வளவே. அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதில்தான் கோபம் எல்லாம். அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், கோணலான விதிகளைச் சதுரங்க உலகம் எப்படியோ சகித்துக்கொண்டிருக்கிறது. பாதி வழியில் மாறிய விதியையும் மீறப்பட்ட வாக்கையும் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

வீரர் வைத்ததே சட்டம்

1946 வரை உலகப் பட்டம் கிட்டத்தட்ட அதை வைத்திருக்கும் உலக வீரரின் சொந்தச் சொத்து. யாரோடு ஆடுவது, எப்போது, எவ்வளவு பணத்துக்கு என்பதை அவரே தீர்மானித்தார். 1922இல் கபாபிளாங்கா முன்வைத்த ‘லண்டன் விதிகள்’ இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தின. ஆறு வெற்றி பெறுபவருக்குப் பட்டம். சவால் விடுபவர் குறைந்தது 10,000 டாலர் பரிசுத்தொகை திரட்ட வேண்டும். அதில் 20 விழுக்காடு முதலில் வீரருக்கு, மீதியைத்தான் வென்றவரும் தோற்றவரும் 60க்கு 40 எனப் பிரித்துக்கொள்ள வேண்டும். விதி எல்லாருக்கும் பொது என்று தோன்றும். அந்தக் காலத்தில் பத்தாயிரம் டாலர் திரட்டக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால்தான் அது வேலி என்று புரியும். 1927இல் புவெனஸ் அயர்ஸில் 34 ஆட்டங்கள் ஆடிப் பட்டத்தைப் பறித்த அலெகைன், அதே வேலியை கபாபிளாங்கா மீதே திருப்பினார். மறு ஆட்டம் கடைசிவரை நடக்கவில்லை.

1946இல் அலெகைன் பட்டத்தோடேயே இறந்தார். தோற்கடிக்க ஆளில்லாத பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே ஆறு பேரை அழைத்து, வந்த ஐந்து பேரை 1948இல் ஹேக், மாஸ்கோ நகரங்களில் ஒருவரோடு ஒருவர் ஐந்து முறை ஆட வைத்தது. போட்வின்னிக் 20க்கு 14 எடுத்து வென்றார். அந்த ஐவர் எப்படித் தேர்வானார்கள் என்பதில்தான் முதல் சர்ச்சை. ரூபன் ஃபைன் விலகியபோது, 1946 பிராக் போட்டியை வென்றிருந்த நாய்டோர்ஃபைச் சேர்த்திருக்கலாம். சேர்க்காமல் காலி நாற்காலியோடு நடத்தினார்கள். இரண்டாவது சர்ச்சை, எஸ்தோனியரான கேரெஸ் போட்வின்னிக்கிடம் முதல் நான்கு ஆட்டத்தையும் தோற்றது. சோவியத் மேலிடத்து அழுத்தம் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தால் கேரெஸ் மோசமாக ஆடியது தெரியும். ஏன் மோசமாக ஆடினார் என்பது பலகையில் தெரியாது. (போட்டி முடிந்தது மே மாதம். அடுத்த மாதமே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்டு இந்நாட்டில் அவசரகாலம் தொடங்கியது. ஹேக்கில் யார் வென்றார் என்று இங்கே எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.)

போட்வின்னிக்குக்கு இன்னொரு சலுகை இருந்தது: தோற்றால் ஓராண்டுக்குள் மறு ஆட்டம். 1957இல் ஸ்மிஸ்லோவிடம் தோற்று 1958இல் மீட்டார். 1960இல் தாலிடம் தோற்று 1961இல் மீட்டார். அதாவது சவால் விடுபவர் பட்டத்தைத் தக்கவைக்க இரண்டு முறை வெல்ல வேண்டும். அந்த விதியை எடுத்தபின் 1963இல் பெட்ரோசியனிடம் தோற்றார், திரும்ப வரவில்லை.

கூராசாவோ, 12 டிரா

உலக வீரரோடு மோதப்போவது யார் என்று தீர்மானிப்பது கேண்டிடேட்ஸ் போட்டி. 1962இல் அது கூராசாவோ தீவில் நடந்தது. எட்டுப் பேர், ஒருவரோடு ஒருவர் நான்கு ஆட்டம், மொத்தம் 28 சுற்று. பெட்ரோசியன், கேரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டமும் டிரா, பெரும்பாலும் இருபது நகர்வைத் தாண்டாமல். பெட்ரோசியன் 17.5, மற்ற இருவரும் 17, அமெரிக்காவின் ஃபிஷர் 14. சோவியத் ஆட்டக்காரர்கள் பேசிவைத்து ஆடினார்கள் என்று ஃபிஷர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார்.

இந்தக் கூட்டில் லாபம் எங்கே என்று பார்க்க வேண்டும். டிராவில் கிடைப்பது அரைப் புள்ளிதான். யாரும் கூடுதலாக எடுத்துவிடவில்லை. லாபம் உடலுக்கு. வெப்பமண்டலத் தீவில் 28 சுற்று ஆடும்போது மூவருக்கும் எட்டெட்டு நாள் ஓய்வு கிடைத்த மாதிரி. மற்றவர்கள் ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் உழைத்தார்கள். தால் உடல்நலமின்றிப் பாதியில் விலகினார். ஆனாலும் ஃபிஷர் 3.5 புள்ளி பின்தங்கியதற்கு அந்த 12 டிரா மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அவர் அந்தப் போட்டியில் சரியாக ஆடவில்லை. குற்றச்சாட்டு உண்மை, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு பாதி உண்மை.

ஃபிடே அடுத்த சுற்றிலிருந்து கேண்டிடேட்ஸை இருவர் மோதும் தனி ஆட்டங்களாக மாற்றியது. இருவர் மட்டும் மோதினால் மூன்றாமவரை ஏமாற்றக் கூட்டுச் சேர முடியாதே. பல பத்தாண்டு கழித்து எட்டுப் பேர் போட்டி மறுபடி வந்தபோது வேறொரு பூட்டுப் போட்டார்கள்: ஒரே நாட்டுக்காரர்கள் ஒவ்வொரு பாதியிலும் முதல் சுற்றுகளிலேயே மோதிவிட வேண்டும். 2024 டொரன்டோவில் குகேஷ், பிரக்ஞானந்தா, விதித் மூவரும் தொடக்கத்திலேயே தங்களுக்குள் ஆடி முடித்தது அதனால்தான். கடைசிச் சுற்றில் நண்பனுக்குப் புள்ளி விட்டுக்கொடுக்க வாய்ப்பில்லை.

ஒரே நாட்டுக் கூட்டைத் தடுக்க அன்று இன்னொரு வழியும் இருந்தது, அதுதான் அதிகம் கெடுத்தது: ஒரு நாட்டுக்கு மூன்று இடத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு. 1964இல் கேண்டிடேட்ஸுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஆம்ஸ்டர்டாம் இண்டர்சோனல் போட்டியில் முதல் ஆறு பேர் தேறலாம். ஐந்தாவதாக வந்த ஸ்டைனும் ஆறாவதாக வந்த பிரான்ஸ்டைனும் சோவியத் நாட்டவர். அவர்களுக்கு மேலே ஏற்கெனவே மூன்று சோவியத்காரர்கள். இருவரும் வெளியே, அவர்களுக்குப் பின்னால் வந்த இருவர் உள்ளே. ஸ்டைனுக்கு 1962இலும் இதே வரம்பால் கதவு சாத்தப்பட்டிருந்தது. அவர் கேண்டிடேட்ஸில் ஆடாமலேயே 1973இல் இறந்தார். ஒரு பள்ளிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கும் போட்டிகளில் நல்ல பயிற்சியுள்ள ஒரு பள்ளியின் ஐந்தாவது பிள்ளைக்கு நடப்பதும் இதுவே.

ஃபிஷரின் கதை தலைகீழ். 1969 அமெரிக்கச் சாம்பியன் போட்டிதான் தகுதிச் சுற்று. அதில் அவர் ஆடவேயில்லை. தேறிய பால் பென்கோ தன் இடத்தை விட்டுக்கொடுத்தார், அமெரிக்கச் சம்மேளனம் அவருக்கு 2,000 டாலர் கொடுத்தது. ஃபிஷர் 1970 பால்மா இண்டர்சோனலை 3.5 புள்ளி வித்தியாசத்தில் வென்று, தைமானோவையும் லார்சனையும் 6-0, 6-0 என்று வீழ்த்தி, 1972இல் ரெய்க்யவிக்கில் பட்டத்தை எடுத்தார். விதிப்படி பார்த்தால் பின்கதவு. ஆனால் யாரும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை, உள்ளே வந்தபின் அவர் ஆடிய ஆட்டம் அப்படி.

1975இல் அவரே விதி கேட்டார். பத்து வெற்றி எடுப்பவருக்குப் பட்டம், டிரா கணக்கில் இல்லை, ஆட்டங்களுக்கு எல்லை இல்லை, 9-9 ஆனால் பட்டம் வீரரிடமே. முதல் மூன்றையும் ஃபிடே ஒப்புக்கொண்டது, கடைசியை மறுத்தது. காரணம் எளிய கணக்கு: 9-9இல் வீரர் தப்பித்தால், சவால் விடுபவர் குறைந்தது 10-8 என்று இரண்டு வெற்றி கூடுதலாக எடுக்க வேண்டும். பழைய 24 ஆட்ட முறையில் 12-12 ஆனாலும் பட்டம் வீரரிடம்தான், ஆனால் அங்கே 12.5-11.5 என்று ஒரு வெற்றி கூடுதலாக இருந்தால் போதும். ஃபிஷர் ஆட மறுத்தார். கார்ப்போவ் ஒரு நகர்வும் நகர்த்தாமல் வீரரானார்.

எல்லையில்லாத ஆட்டம் எங்கே போய் முடியும் என்பதை 1984 காட்டியது. ஆறு வெற்றி எடுப்பவருக்குப் பட்டம். 27 ஆட்டத்துக்குப் பின் கார்ப்போவ் 5-0. அதன்பின் அந்த ஆறாவது வெற்றி வரவேயில்லை. 32ஆம் ஆட்டத்தை வென்றிருந்த காஸ்பரோவ் 47, 48ஆம் ஆட்டங்களையும் அடுத்தடுத்து வென்று 5-3 ஆக்கியபோது, 1985 பிப்ரவரி 15 அன்று ஃபிடே தலைவர் காம்போமானெஸ் போட்டியையே நிறுத்தினார். 48 ஆட்டம், 40 டிரா, முடிவு இல்லை. ஆட்டக்காரர்கள் களைத்துவிட்டார்கள் என்றார். இருவருமே தொடரத் தயார் என்றார்கள். நிறுத்தியது சரியா தவறா என்பதைவிட, ‘இத்தனை ஆட்டத்துக்குப் பின் நிறுத்தலாம்’ என்ற வரி விதியில் எங்கும் இல்லை என்பதே குற்றம்.

லோசானும் காசோர்லாவும்

தமிழர்கள் மறக்காதது 1998இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆனந்துக்கு நடந்தது. அதற்கு முன்கதை கொஞ்சம் வேண்டும். 1993இல் காஸ்பரோவும் நைஜல் ஷார்ட்டும் ஃபிடேயை விட்டு வெளியேறித் தனியாகப் பட்ட ஆட்டம் ஆடினார்கள். ஃபிடே இருவரையும் நீக்கிவிட்டு கார்ப்போவையும் டிம்மனையும் ஆட வைத்தது. பாதி நெதர்லாந்தில், மீதி நமக்கு அண்டையிலுள்ள ஜாகர்த்தாவில். அந்த இருவருமே அதே சுற்றில் ஷார்ட்டிடம் தோற்றவர்கள்.

1997 டிசம்பரில் ஃபிடே நூறு பேரளவில் கிரோனிங்கனில் நாக் அவுட் போட்டி நடத்தியது. தோற்றால் வீட்டுக்கு. வென்றவர் உலக வீரராகவில்லை. கார்ப்போவோடு இறுதி ஆட வேண்டும். கார்ப்போவ் நாக் அவுட்டில் ஒரு ஆட்டமும் ஆடாமல் நேராக இறுதிக்கு. இதை எதிர்த்து கிராம்னிக் போட்டிக்கே வரவில்லை. ஆனந்த் ஷிரோவ், கெல்ஃபாண்ட், ஆடம்ஸ் என்று வரிசையாகத் தாண்டினார்; ஆடம்ஸோடு கடைசி வேக ஆட்டம் வரை இழுத்தது. அது முடிந்தது டிசம்பர் இறுதியில். லோசானில் கார்ப்போவோடு முதல் ஆட்டம் ஜனவரி 2. மூன்று வாரம் ஏறக்குறைய தினம் ஆடியவரும், அந்த நேரமெல்லாம் தயாரித்துக் காத்திருந்தவரும் எதிரெதிரே. ஆனந்த் அப்படியும் ஆறு ஆட்டத்தில் 3-3 என்று நிறுத்தினார். ராபிட் எனும் வேக ஆட்டத்தில் 0-2.

அந்த விதி முன்னமே எழுதப்பட்டது, மறைக்கப்படவில்லை. ஆகவே கோணல் விதிதான், மோசடி இல்லை. இருந்தாலும் ஆறாத கோபம் ஏன்? ஓய்வு என்பது ஆட்டத்தின் பகுதி என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. கூராசாவோவில் மூவர் திருடிய அதே பொருளை இங்கே அமைப்பே ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தது. 2000இல் தெஹ்ரானில் ஷிரோவை 3.5-0.5 என்று வென்று ஆனந்த் ஃபிடே பட்டம் எடுத்ததும், 2007 மெக்சிகோவில் ஒன்றுபட்ட பட்டம் எடுத்ததும் லோசானைச் சரிக்கட்டின என்றுதான் சொல்ல வேண்டும்.

ஷிரோவுக்கு அப்படி ஒரு சரிக்கட்டல் இல்லை. 1998இல் காஸ்பரோவோடு மோதுவது யார் என்று தீர்மானிக்க ஸ்பெயினின் காசோர்லாவில் கிராம்னிக்கோடு பத்து ஆட்டப் போட்டி. முதலில் அழைக்கப்பட்டவர் ஆனந்த். ஃபிடேயோடு ஒப்பந்தம் இருந்ததால் மறுத்தார், அந்த இடத்தில் வந்தவர் ஷிரோவ். எவரும் எதிர்பாராமல், ஒரு ஆட்டமும் தோற்காமல் 5.5-3.5 என்று வென்றார். தோற்ற கிராம்னிக்குக்குப் பணம் கிடைத்தது. வென்றவருக்குப் பட்ட ஆட்டமே பரிசு என்பதால் ஷிரோவுக்குக் கையில் ஒன்றும் இல்லை. பிறகு புரவலர்கள் கைவிட்டார்கள், பட்ட ஆட்டம் நடக்கவில்லை. 2000இல் லண்டனில் பணம் கிடைத்தபோது காஸ்பரோவின் எதிரே உட்கார்ந்தவர் கிராம்னிக், தகுதிச் சுற்றில் தோற்றவர். அவர் 8.5-6.5 என்று வென்று வீரரும் ஆனார். சதுரங்க வரலாற்றில் மிகப் பெரிய தகுதி அநியாயம் எது என்று கேட்டால் எங்கள் விடை இதுதான். விதி தவறாக இருக்கவில்லை. விதிப்படி ஆடி வென்றவருக்கு விதி கொடுத்த வாக்குக் காற்றில் போனது.

இன்று எட்டு நாற்காலி

2006க்குப் பின் பட்டம் ஒன்றுதான். சவால் விடுபவரை எட்டுப் பேர் ஆடும் கேண்டிடேட்ஸ் தீர்மானிக்கிறது. 2026 கேண்டிடேட்ஸுக்கு உலகக் கோப்பையிலிருந்து மூவர், கிராண்ட் ஸ்விஸிலிருந்து இருவர், ஃபிடே சர்க்கியூட் எனும் ஆண்டுக் கணக்கிலிருந்து இருவர் (2024க்கு ஒருவர், 2025க்கு ஒருவர்), ஆட்ட முடிவுகளால் ஏறி இறங்கும் மதிப்பீட்டு எண்ணில் ஒருவர். ஒருங்கிணைப்பாளர் தன் விருப்பப்படி ஒருவரைச் சேர்க்கும் வழக்கம் 2020இல் ரஷ்யாவின் அலெக்சீன்கோவைச் சேர்த்தபோது பெரும் எதிர்ப்பைக் கிளப்பி, அதோடு ஒழிந்தது.

போட்டியில் வென்று வரும் இடங்களில் தகராறு குறைவு. மதிப்பீட்டு இடமும் சர்க்கியூட் இடமும்தான் தலைவலி, ஏனென்றால் அங்கே எண்களைத் தேடிப் போக முடியும்.

2022இல் ரஷ்யாவின் கார்யாக்கின் உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காக ஆறு மாதம் தடைசெய்யப்பட்டார்; அவர் இடம் உயர்ந்த மதிப்பீடு உள்ளவருக்குப் போக வேண்டும். அது டிங் லிரன். ஆனால் ஓராண்டில் 30 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அவரிடம் இருந்தவை நான்கே ஆட்டம், பெருந்தொற்றுக் காலத்தில் சீனாவிலிருந்து வெளியே வர முடியவில்லை. சீனச் சதுரங்கச் சங்கம் அவசரமாகப் போட்டிகள் நடத்தியது. சுமார் ஒரு மாதத்தில் 28 ஆட்டம் ஆடி 2806க்கு ஏறி உள்ளே வந்தார். பலர் முகம் சுளித்தார்கள். மாட்ரிட்டில் நடந்த கேண்டிடேட்ஸின் கடைசிச் சுற்றில் அமெரிக்காவின் நகமுராவை வென்று இரண்டாம் இடம் பிடித்தார். அப்போதைய உலக வீரர் கார்ல்சன் பட்டத்தைக் காக்க மறுத்ததால் அந்த இரண்டாம் இடமே பட்ட ஆட்டத்துக்கான சீட்டானது. 2023இல் அஸ்தானாவில் உலக வீரர். முகம் சுளித்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

2023 டிசம்பரில் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் இது நடந்தது. பிரான்சில் ஃபிரூஜாவுக்கு மதிப்பீடு ஏற்ற, வயதான கிராண்ட்மாஸ்டர்களோடு அவசர ஆட்டங்கள் ஏற்பாடாயின. ஃபிடே கேள்வி எழுப்பியது. கடைசியில் அவர் ரூவான் ஓப்பனில் ஏழு சுற்றிலும் வென்று வெஸ்லி சோவை முந்தினார். அதே வாரங்களில் சென்னையில் தமிழக அரசின் பணத்தில் எட்டுப் பேர் போட்டி முளைத்தது, குகேஷுக்கும் அர்ஜுன் எரிகைசிக்கும் சர்க்கியூட் புள்ளி தேவைப்பட்ட நேரத்தில். இருவரும் 4.5 எடுத்தார்கள், சமன் முறியடிப்பில் குகேஷ் முதலிடம்.

சர்க்கியூட் புள்ளி எப்படி வருகிறது என்று தெரிந்தால் சென்னையை நிதானமாக எடைபோடலாம். போட்டியில் ஆடும் வலுவான எட்டுப் பேரின் சராசரி மதிப்பீட்டிலிருந்து 2500ஐக் கழித்து 100ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணால் இடத்துக்கான புள்ளியைப் பெருக்குவார்கள். சராசரி 2600 என்றால் பெருக்கி 1, சராசரி 2700 என்றால் 2. பலவீனமானவர்களைக் கூட்டிவைத்துப் போட்டி நடத்தினால் வென்றாலும் கைக்கு வருவது அற்பம். சென்னையில் வலுவானவர்களைக் கூப்பிட்டே ஆக வேண்டியிருந்தது, அவர்களை வென்றே ஆக வேண்டியிருந்தது. நேரம் குறிவைத்து நடத்தியது உண்மை; சும்மா கொடுத்தது இல்லை. நம்மவர் என்பதால் இப்படிச் சொல்கிறோமா என்றால், டிங்குக்கும் இதையேதான் சொல்வோம். குகேஷ் அடுத்த ஏப்ரலில் டொரன்டோவில் 14க்கு 9 எடுத்தார். டிசம்பர் 12 அன்று, ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், அதே டிங்கை 7.5-6.5 என்று வென்று 18 வயதில் உலக வீரரானார். பட்டத்தின் இரு முனையிலும் அவசரப் போட்டியால் உள்ளே வந்தவர்கள்.

மதிப்பீட்டு இடத்துக்கு அந்தப் பெருக்கி இல்லை, அங்கேதான் ஓட்டை இருந்தது. மேல்மட்ட ஆட்டக்காரருக்குக் கணக்கு இப்படி: ஆட்ட முடிவிலிருந்து (வெற்றி 1, டிரா 0.5), இருவரின் மதிப்பீட்டு வித்தியாசம் சொல்லும் எதிர்பார்ப்பைக் கழித்து 10ஆல் பெருக்க வேண்டும். எதிராளி எவ்வளவு கீழே இருந்தாலும் வித்தியாசம் 400 என்றே எடுத்துக்கொள்ளும் விதி இருந்தது. 400க்கு எதிர்பார்ப்பு 0.92. ஆக 2800 உள்ளவர் 1900 உள்ளவரை வென்றாலும் 0.8 புள்ளி ஏறியது. பத்துப் பேரை வென்றால் 8 புள்ளி. 2025இல் நகமுராவுக்கு 40 ஆட்ட நிபந்தனையை நிறைவேற்ற வேண்டியிருந்தது. லூசியானா மாநிலப் போட்டி, ஐயோவா ஓப்பன் என்று உள்ளூர்ப் போட்டிகளில் உட்கார்ந்தார். தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது புதிதில்லை. நிறுவைக்கு வந்த பாலின் அளவுக்குக் கூலி கிடையாது. மெட்ரோலாக்கை இறக்கி உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் கணக்கு எழுதுவார்கள். தண்ணீர் சேர்த்தால் வாளி நிறையும், ரப்பர் நிறையாது. 400 விதி மெட்ரோலாக் இல்லாத நிறுவை. 2025 அக்டோபரிலிருந்து 2650க்கு மேல் உள்ளவர்களுக்கு உண்மையான வித்தியாசத்தையே எடுக்கிறார்கள். அதோடு ஒரே மாதத்து மதிப்பீட்டைப் பார்க்காமல் ஆறு மாதச் சராசரியைப் பார்க்கிறார்கள்; டிசம்பர் கடைசி வாரத்தில் ஓடுவது இனி உதவாது.

நகமுராவுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சின்னப் போட்டிகளில் ஒரு டிரா விட்டிருந்தால் 4.2 புள்ளி போயிருக்கும், ஐந்து வெற்றியில் சேர்த்தது மொத்தமும் கரைந்திருக்கும். அதோடு அவர் விதியை வளைக்கவில்லை. 40 ஆட்டம் என்றார்கள், யாரோடு என்று சொல்லவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு எது நல்லது

மதிப்பீட்டால் தேர்வு செய்வது அறிவியல்பூர்வமானது என்று பேசுபவர்கள் கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இருப்பார்கள். அங்கே மாதந்தோறும் மதிப்பீட்டுப் போட்டி உண்டு. 18 வயதுக்குட்பட்டு 2300க்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெருக்கும் எண் 40. தன் மதிப்பீட்டுக்குச் சமமானவரை வென்றால் 20 புள்ளி ஒரே ஆட்டத்தில் ஏறும். ஆண்டுக்கு எட்டுப் போட்டி ஆடும் பிள்ளையின் எண் அவன் திறமையோடு ஓடிவரும். ஆண்டுக்கு ஒன்று ஆடும் தோட்டத்துப் பிள்ளையின் எண் அவனைவிட ஓராண்டு சின்னதாக இருக்கும். ஊர்ப் போட்டியில் 25 நிமிட ஆட்டம் ஆடினால் அது ராபிட் கணக்கில்தான் சேரும், நீண்ட நேர ஆட்டத்துக்கான கிளாசிக்கல் மதிப்பீட்டைத் தொடாது. இந்தப் பிள்ளைக்கு மதிப்பீட்டுத் தேர்வு எட்டாக் கதவு. ஆடி ஜெயித்தால் போகலாம் என்ற போட்டித் தேர்வே திறந்த கதவு.

அந்தக் கதவு மேலே எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. நம் நாடு ஃபிடேயின் 3.3 மண்டலத்தில், வியட்நாம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவோடு இருக்கிறது. மண்டலப் போட்டியை வென்றால் உலகக் கோப்பையில் இடம். 2017இல் இயோ லி தியான் அப்படித்தான் வென்று திபிலிசிக்குப் போனார். முதல் சுற்று எதிராளி ஆனந்த். 0-2 என்று தோற்றார். வெறும் மதிப்பீட்டு வரிசை பார்த்திருந்தால் அந்த நாற்காலி ஒரு மலேசியருக்குக் கிடைத்தே இருக்காது.

அறிவிப்பில் என்ன எழுதுவது

இனி அந்தத் தகப்பனாரின் கேள்வி. ஐந்து பேர் சமன் என்றால், ஐவரும் தங்களுக்குள் ஆடியிருந்தால்தான் நேருக்கு நேர் முடிவு செல்லும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில் ஐவரும் தங்களுக்குள் ஆடியிருப்பது அரிது. புக்கோல்ஸ் என்பது ஒருவரின் ஏழு எதிராளிகளும் கடைசியில் எடுத்த புள்ளிகளின் கூட்டு. வலுவானவர்களோடு ஆடி ஐந்து எடுத்தவருக்கு அது கூடும். முதல் சுற்றில் தோற்று, பின்வரிசையில் சுலபமாக ஏறி ஐந்து எடுத்தவருக்குக் குறையும். கெடுவது எங்கே என்றால், மூன்றாம் சுற்றோடு வீட்டுக்குப் போய்விட்ட எதிராளியின் சின்னப் புள்ளி உங்கள் பிள்ளையின் தலையில் விழும். அதற்குத்தான் ‘கட் 1’: எதிராளிகளில் மிகக் குறைந்த புள்ளியைத் தள்ளிவிட்டுக் கூட்டுவது.

‘கூடுதல் வெற்றி’ விதியை முதலில் வைப்பவர்கள் 2013 லண்டனைப் பார்க்க வேண்டும். கார்ல்சனும் கிராம்னிக்கும் 8.5. தங்களுக்குள் ஆடிய இரண்டும் டிரா. கார்ல்சன் ஐந்து வெற்றி இரண்டு தோல்வி, கிராம்னிக் நான்கு வெற்றி ஒரு தோல்வி. புள்ளி சமமாக இருக்கும்போது கூடுதலாக வென்றவர் கூடுதலாகத் தோற்றவரும்தான். கார்ல்சன் போனார். அந்த விதியில் மனம் சமாதானமாகாமல்தான் 2022 முதல் கேண்டிடேட்ஸில் முதலிடச் சமனுக்கு வேக ஆட்டம் வைத்தார்கள். ஊரில் அதைச் செய்யலாமா? ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் ஆட 10 ஆட்டம், 5 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா. 3 நிமிடம், நகர்வுக்கு 2 விநாடி என்றால் 60 நகர்வு ஆட்டம் பத்து நிமிடத்தில் முடியும். மொத்தம் ஒரு மணி நேரம். பள்ளி வேன் ஆறு மணிக்குக் கிளம்புகிறது என்றால் நான்கரைக்குள் தொடங்கியாக வேண்டும், அதற்குக் காலையில் எட்டரைக்கு முதல் சுற்று.

சுற்று எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 80 பிள்ளைகள், 5 சுற்று என்றால் 40, 20, 10, 5 என்று குறைந்து கடைசியில் இரண்டு மூன்று பேர் தோற்காமல் நிற்பார்கள். 64 பேர் வரை 6 சுற்று, 128 வரை 7 சுற்று, அதுவும் முதலிடம் தெளிவாக மட்டும். நான்காம் இடம் தெளிவாக வேண்டுமென்றால் இன்னும் ஒன்று கூட்ட வேண்டும், அல்லது சமன் முறியடிப்பை நம்ப வேண்டும்.

ஆகவே நுழைவுக்கட்டணம் வாங்கும் முன்பே தாளில் இருக்க வேண்டியவை: எத்தனை பேர் தேர்வாவார்கள், சமன் முறியடிப்பு எந்த வரிசையில் (நேருக்கு நேர், புக்கோல்ஸ் கட் 1, புக்கோல்ஸ், எதிலும் முடியாவிட்டால் வேக ஆட்டம்), எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஓய்வுப் புள்ளி யாருக்கு, எத்தனை நிமிடம் தாமதித்தால் ஆட்டம் போய்விடும். ஒரு வரி எப்போதும் விட்டுப்போகும்: தேர்வான பிள்ளை போக முடியாவிட்டால் யார்? 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்கு அஞ்சி ராஜாபோவ் கேண்டிடேட்ஸிலிருந்து விலகியபோது மாற்று ஆள் வாஷியே-லாக்ராவ் என்பது உடனே தீர்ந்தது, மதிப்பீட்டு வரிசை அதற்காகவே இருந்தது. ஏழு சுற்றோடு போட்டியே நின்று, 2021 ஏப்ரலில்தான் தொடர்ந்தது. அப்படியானால் ராஜாபோவ் சொன்னது சரிதானே, அவருக்கு என்ன என்பதற்கு விதியில் விடை இல்லாமல், பிறகு 2022 கேண்டிடேட்ஸில் நேரடியாக ஓர் இடம் கொடுத்துச் சமாளித்தார்கள். ஊரில் அதற்கு ஒரு வரி போதும்: ஐந்தாமவரும் ஆறாமவரும் மாற்றுப் பட்டியலில் இருப்பார்கள், விலகுவதாகச் சொல்லக் கடைசி நாள் இது, அதற்குப் பின் இடம் காலியாகவே போகும். தேதியை அச்சடித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.